லாரிக்கு நெற்றி வந்த கதை

ஆடி மாதத்தில் மதுக்கரையிலிருந்து வாளையார் வரைக்கும் டூவீலரில் போய்ப் பாருங்கள். எட்டிமடை வருவதற்குள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். க.க.சாவடியை நெருங்கும்போது சட்டை முதுகுப்பக்கம் மூட்டை மாதிரி உப்பி நிற்கும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி ஏதோ மேட்டில் ஏறுவதுபோலத் திணறும்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்திருக்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு பெரும்பாலான இடங்களில் மலை குறுக்கே நிற்கிறது. இங்கே வாசல் அகலமாகத் திறந்து கிடக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நட்டு வைத்திருப்பது இந்த ஒரு வாசலை நம்பித்தான். அந்த வாசற்படியில் இருக்கிறது எங்கள் ஊர், மதுக்கரை.

அந்தச் சாலையில் டூவீலரில் போகும்போது பெரிய கன்டெய்னர் லாரி ஒன்று நம்மைத் தாண்டிப் போகும். அப்போது இரண்டு காரியம் நடக்கும். லாரியின் முகம் நம் தோளுக்கு இணையாக வரும் நேரத்தில் யாரோ கையை வைத்து ரோட்டோரத்துக்குத் தள்ளுவதுபோல இருக்கும். லாரியின் உடம்பு பாதி கடந்து பின்பக்கம் நெருங்கும்போது அதே ஆள் சட்டையைப் பிடித்து உள்ளே இழுப்பதுபோல இருக்கும். சின்ன வயதில் சைக்கிள் பழகும்போது எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: “லாரி பக்கத்துல போகாத, உள்ள இழுத்துக்கும்.” தள்ளும் என்று யாரும் எச்சரித்ததில்லை, இழுக்கும் என்றுதான் சொன்னார்கள். அந்த வார்த்தையில் எவ்வளவு விஷயம் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்றைக்கு நெடுஞ்சாலையில் ஓடும் பெரிய லாரிகள் பலவற்றில் கேபினுக்கு மேல், வழுக்கைத் தலையில் சீவிவிட்ட முடி மாதிரி, சாய்வாக எழும்பி நிற்கும் ஒரு ஃபைபர் கவசத்தைப் பார்க்கலாம். டிஃப்ளெக்டர் என்பார்கள். எனக்கு அது லாரியின் நெற்றி. அந்த நெற்றி பிறந்த கதையில் ஒரு சைக்கிள் வருகிறது.

1973. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், நாசாவின் பறத்தல் ஆராய்ச்சி மையம் இருந்தது. அங்கே எட்வின் சால்ட்ஸ்மன் என்று ஒரு பொறியாளர். வேலைக்குச் சைக்கிளில் போவார். பாலைவனச் சாலையில் அவரைத் தாண்டிப் போகும் லாரிகள் அவருக்கும் அதே இரண்டு காரியத்தைத்தான் செய்தன. முன்பக்கம் வரும்போது புதர்ப் பக்கம் தள்ளின. பின்பக்கம் கடக்கும்போது சாலைக்குள் இழுத்தன. நம்மில் யாராக இருந்தாலும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து, உயிர் தப்பினோம் என்று போயிருப்போம். அந்த மனிதர் அந்த இழுப்பைப் பற்றி யோசித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

யோசித்ததற்குக் காரணம் உண்டு. ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பறந்த எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தில் வேலை செய்தவர் அவர். அந்த விமானத்தின் வால் பக்கம் மொட்டையாக வெட்டிவிட்டதுபோல இருக்கும். அந்த மொட்டைப் பின்புறத்தில் காற்றழுத்தம் எவ்வளவு குறைகிறது, அது விமானத்தை எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறது என்று அளந்து அறிக்கை எழுதியவர் சால்ட்ஸ்மன். வானத்தில் கருவி வைத்து அளந்த அதே இழுப்பைச் சாலையில் தன் தோளில் உணர்ந்தார். அந்தத் தோள் வேறொருவருடையதாக இருந்திருந்தால் இந்தக் கதை இப்படி நடந்திருக்காது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

காற்றுக்கு எடை உண்டு. ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. லாரி போகும் வழியில் நிற்கிற காற்றை அது விலக்கித்தான் ஆக வேண்டும். முகம் சுவர் மாதிரி தட்டையாக இருந்தால் காற்று அதில் மோதி, ஓரத்தில் கூர்மையாகத் திரும்ப முடியாமல், உடம்பைவிட்டுத் தெறித்து விலகிப் போகும். நம்மைத் தள்ளுவது அந்த விலகிய காற்று. பின்னால் கதை வேறு. பெட்டி கடந்துபோன இடத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகப் பார்க்கிறது. அதை நிரப்பக் காற்று நாலாபக்கமிருந்தும் உள்ளே பாய்ந்து சுழல்கிறது. அந்தச் சுழலில் அழுத்தம் குறைவு. முன்னால் அழுத்தம் கூடுதல், பின்னால் குறைவு. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை டீசல் ஊற்றி ஈடுகட்டுகிறோம்.

இந்தச் சுழலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் பல்லடம் பக்கமிருந்து கேரளாவுக்குப் போகும் கறிக்கோழி வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிப் போனால் போதும். கூண்டிலிருந்து கழன்று வரும் வெள்ளை இறகு உடனே ரோட்டில் விழாது. வண்டியின் பின்டோருக்கு நேராக மேலே ஏறும், வளைந்து முன்னோக்கித் திரும்பும், கூண்டின் பின்புறத்தில் போய் ஒட்டும், மறுபடி கழன்று இன்னொரு சுற்று வரும். வண்டி 60-ல் போய்க்கொண்டிருக்கிறது. இறகும் அதே 60-ல் அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டு கூடவே வருகிறது. இறகை இழுத்துப்போவதும் அந்த இன்ஜின்தான். எந்த வண்டிக்கும் முன்கண்ணாடியைவிடப் பின்கதவில் புழுதி அதிகம் அப்புவதற்கும் இதுவே காரணம். சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் உள்ள மதுக்கரையில் அந்தப் புழுதியைக் காட்ட வெளியூர் போக வேண்டியதில்லை.

சால்ட்ஸ்மனும் கூட்டாளிகளும் லாரியில் ஆரம்பிக்கவில்லை. டெலிவரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பழைய ஃபோர்டு வேன் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதைச் சுற்றிச் சட்டம் கட்டி அலுமினியத் தகடு அடித்தார்கள். எல்லா மூலையும் செங்கோணம், எல்லா ஓரமும் கத்தி. பார்க்கச் செருப்புக் கடை அட்டைப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தது மாதிரி இருக்கும். அதற்கு அவர்களே வைத்த பெயரும் ‘ஷூபாக்ஸ்’தான். நல்ல வடிவத்தைச் சோதிப்பதற்கு முன்னால், இருப்பதிலேயே மோசமான வடிவம் எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சோதித்த முறையும் எளிமையானது. வண்டியை வேகமெடுத்து, நியூட்ரலில் போட்டு, உருள விட்டுவிடுவார்கள். வேகம் எத்தனை நொடியில் எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்வார்கள். சீக்கிரம் குறைந்தால் தடை அதிகம். நீண்ட நேரம் உருண்டால் தடை குறைவு. காற்றுச் சுரங்கம் வேண்டாம், கோடிக்கணக்கில் கருவி வேண்டாம். காற்றசையாத நேரமும் சமதளச் சாலையும் போதும். பிறகு பெட்டியின் மூலைகளை ஒவ்வொன்றாக உருட்டினார்கள். முன்னும் பின்னும் நிமிர்ந்து நிற்கும் செங்குத்து மூலைகளை மட்டும் வளைத்தபோதே காற்றுத்தடை சுமார் 40 சதவீதம் குறைந்தது. கிடைமட்ட ஓரங்களையும் வளைத்தபோது பாதிக்கு மேல் குறைந்தது. இதற்காகப் பெட்டிக்குள் இழந்த இடம் சுமார் 3 சதவீதம்தான். அதற்குப் பிறகு அடிப்பக்கத்தைத் தகடு போட்டு மூடினார்கள். பின்பக்கம் படகின் பின்முனை மாதிரி ஒடுங்கும் வால் ஒன்றையும் வைத்துப் பார்த்தார்கள். அதிலும் பலன் இருந்தது. வேனில் படித்த பாடத்தைப் பிறகு பெரிய டிரெய்லர் லாரிக்குக் கொண்டுபோனார்கள். கேபின் தலையில் பொருத்தும் கவசங்கள் உட்படக் கடையில் கிடைத்த கருவிகளையும் அதே உருளும் சோதனையில் வைத்து அளந்தார்கள்.

அதாவது, சால்ட்ஸ்மன் சைக்கிள் மிதித்த காலத்திலேயே நெற்றி கடையில் இருந்தது. அதன் முதல் பிறப்பு அதற்கும் முந்தையது. 1953-லேயே மேரிலாந்து பல்கலைக்கழகக் காற்றுச் சுரங்கத்தில் ஷெர்வுட் என்பவர் டிரெய்லர் மாதிரிகளை வைத்துச் சோதித்திருந்தார். 1966-ல் வால்டர் செல்டன் சாண்டர்ஸ் என்பவருக்குக் கேபின் மேல் நிறுத்தும் கவசத்துக்காகக் காப்புரிமை கிடைத்தது. தட்டையான பலகையைச் சரியான இடத்தில், சரியான உயரத்தில் நிறுத்தினால் அதிலிருந்து தெறிக்கும் காற்று பின்னால் உள்ள பெட்டியின் முகத்தில் மோதாமல், பெட்டியின் கூரையிலும் பக்கங்களிலும் போய் இதமாக ஒட்டிக்கொண்டு ஓடும் என்பது அவர் கண்டது. ருட்கின்-வைலி என்ற நிறுவனம் அதை ‘ஏர்ஷீல்ட்’ என்ற பெயரில் விற்றது.

பின்னாளில் யூனிராயல் நிறுவனத்துக்கும் ருட்கின்-வைலிக்கும் இந்தக் காப்புரிமை பற்றி வழக்கு நடந்தது. இந்தத் துறையில் தேர்ந்த எவருக்கும் தானாகவே தோன்றக்கூடிய விஷயம்தான் இது, காப்புரிமை செல்லாது என்று கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. எனக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்புதான் சரியென்று படுகிறது. வந்த பிறகு பார்த்தால் எல்லாமே தானாகத் தோன்றக்கூடியவைதான். லாரி பிறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிரக்கணக்கான பட்டறைக்காரர்களும் டிரைவர்களும் தினமும் அந்தத் தட்டை முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

தோன்றாததற்கு அறிவுக்குறைவு காரணமில்லை. டீசல் மலிவாக இருந்தது. இன்னொன்று சட்டம். அன்றைய அமெரிக்காவில் பல மாநிலங்கள் லாரி, டிரெய்லர் இரண்டும் சேர்ந்த மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. மூக்கை நீட்டினால் சரக்குக்கு இடம் குறையும். அதனால் இன்ஜின் மேலேயே டிரைவரை உட்கார வைத்து, முகத்தைச் சுவர் போல நிமிர்த்திவிட்டார்கள். லாரியின் முகத்தை வடித்தது காற்று அல்ல, அளவு நாடா.

பிறகு 1973 அக்டோபர் வந்தது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பேரலுக்கு 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் நான்கு மடங்கு ஏறியது. அடுத்த ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் வேக வரம்பை மணிக்கு 55 மைலாக, அதாவது சுமார் 88 கிலோமீட்டராக, குறைக்கச் சட்டம் வந்தது. அதுவரை அலங்காரமாகத் தெரிந்த பலகை அன்றைக்கு வயிற்றுப்பாட்டுச் சாமான் ஆனது. நெற்றியின் இரண்டாவது பிறப்பு அது. நம் நாட்டிலும் அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாகவே 1978-ல் எண்ணெய்ச் சிக்கனத்துக்கென்று பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் உருவானது.

இனி எங்கள் ஊர் பிக்கப்புக்கு வருகிறேன். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் பாடி கட்டும் தொழில் தழைத்த பூமி இது. சேஸிஸ் வாங்கிவந்து, இரும்பும் பலகையும் கொண்டு வண்டிக்கு உடம்பு கொடுக்கத் தெரிந்தவர்கள் நம்மவர்கள். அந்தக் கைத்திறன் இதுவரை கேட்ட கேள்வி ‘எவ்வளவு ஏத்தலாம், எத்தனை வருஷம் தாங்கும்’ என்பதே. காற்றைப் பற்றிய கேள்வியையும் அதோடு சேர்க்க வேண்டிய காலம் இது.

மூன்று டன் மொத்த எடையுள்ள பிக்கப் ஒன்று கேபினுக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு லோடு ஏற்றிப் படுதா கட்டிப் போகிறது என்று வையுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் டயர் உருள்வதற்கு ஆகும் விசைதான் பெரிது. காற்று அதைவிடச் சின்னச் செலவு. 80-ல் கணக்குப் போட்டால் தலைகீழ். காற்றுக்கு ஆகும் விசை டயருக்கு ஆவதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகும் என்பதுதான் காரணம். வண்டியை மாற்றாமல், ஒரு ரூபாய் செலவழிக்காமல் கிடைக்கும் முதல் சிக்கனம் 80-லிருந்து 60-க்கு இறங்குவதுதான். இதை நான் முதலில் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் சொல்லிப் பயனில்லை.

அதோடு கணவாய்க் காற்றைச் சேர்த்துப் பாருங்கள். 60-ல் வாளையார் நோக்கிப் போகும் வண்டிக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், வண்டி சந்திப்பது 80 கிலோமீட்டர் காற்று. தடை 1.78 மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும், தடை 0.44 மடங்காகக் குறையும். போனதும் வந்ததும் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். சரியாகாது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால், காற்றே இல்லாத நாளைவிடக் காற்றுத்தடைக்கு மட்டும் 11 சதவீதம் அதிகம் கொடுத்திருப்போம். ஆடி மாதத்தில் மைலேஜ் குறைகிறது என்று டிரைவர்கள் சொன்னால், அவர்கள் பம்பைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் மரக்கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கலாம்.

நெற்றியைப் பிக்கப்பில் வைத்தால் உதவுமா? கேபினைவிட உயரமாகக் கூண்டு பாடியோ, மூடிய பெட்டியோ எப்போதும் இருக்கும் வண்டிக்கு உதவும். கேபினுக்கு மேல் துருத்தி நிற்கும் பெட்டியின் அந்த இரண்டடிச் சுவர்தான் காற்றை நேருக்கு நேர் வாங்குகிறது. ஆனால் லோடு இறக்கிவிட்டுக் காலித் தொட்டியோடு திரும்பும் வண்டியில் அதே நெற்றி கெடுதல். காற்று தாண்டிப் போக வேண்டிய இடத்தில் புதிதாக ஒரு சுவரை நாமே நிறுத்தியதாக ஆகும். மடக்கிவைக்கிற மாதிரி இருந்தால்தான் அது பிக்கப்புக்குப் பொருந்தும். பட்டறையில் எதையும் மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கறிக்கோழி வண்டிக்கு நான் இதையெல்லாம் சொல்ல மாட்டேன். அங்கே காற்று உள்ளே போனால்தான் உயிர் தங்கும்.

காலி வண்டியில் டிரைவர்கள் செய்யும் இன்னொன்று உண்டு. பின்டோரைத் திறந்து தொங்க விட்டால் காற்று தடையில்லாமல் வெளியே போகும், மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கை. உலகம் முழுக்க இந்த நம்பிக்கை இருக்கிறது. நானும் நெடுநாள் நம்பினேன். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த கெவின் கூப்பர் 2004-ல் பிக்கப் வண்டிகளின் காற்றியல் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, பின்கதவை மூடியே வையுங்கள் என்று சொல்லிவிட்டார். கதவு மூடியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று ஒரு சுருளாகச் சுழன்று அங்கேயே தங்குகிறது. கேபின் கூரையைத் தாண்டி வரும் காற்று அந்தச் சுருளின் மேல் உருளை மேல் பலகை போவதுபோல வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. கதவைத் திறந்தால் சுருள் கலைந்துவிடும். தொட்டிக்குள் கைப்பிடிக் காற்றை அடைத்துவைத்து அதையே கூரையாக்கிக்கொள்ளும் இந்தச் சூட்சுமம் என்னை இன்றைக்கும் வியக்க வைக்கிறது.

எங்கள் தெருவில் பிக்கப் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் பாலக்காட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். சால்ட்ஸ்மன் கதையை நான் அவரிடம் சொன்னது ஒரு விடியற்காலை, அவர் படுதா கட்டிக்கொண்டிருந்தபோது. முட்டைக்கோஸ் மூட்டைகளை அவர் அடுக்கியிருந்த விதத்தை அன்றைக்குத்தான் கவனித்தேன். கேபினை ஒட்டித் தாழ்வாக ஒரு வரிசை, அதற்குப் பின்னால் ஒரு மூட்டை உயரம் கூட்டி அடுத்த வரிசை, பிறகு நடுவில் முழு உயரம். கேபின் கூரையிலிருந்து பார்த்தால் படி ஏறுவதுபோல இருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

“யாரும் சொல்லித் தரல தம்பி. நேரா அடுக்குனா எட்டிமடை தாண்டுனதும் வண்டி நாலாவது கியருக்கு இறங்கச் சொல்லுது. இப்படி அடுக்குனா அஞ்சுலயே போகுது.”

கயிற்றை முழங்கையில் சுற்றி, டயர் மேல் ஒரு காலை ஊன்றி, உடம்பு எடை முழுவதையும் கொடுத்து இழுத்தார். படுதாவின் முன்மடிப்பைக் கேபின் பக்கம் மேலிருந்து கீழாகப் போட்டு, காற்று உள்ளே நுழைய வாய் இல்லாதபடி ரப்பர் கயிற்றால் கொக்கியில் மாட்டினார். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். பறை மாதிரி விண்ணென்று நின்றது.

“படுதா படபடன்னு அடிச்சா டீசல் அடிக்குதுன்னு அர்த்தம், பாத்துக்க.”

அவருடைய வண்டியில் நெற்றி கிடையாது. மூட்டைகளாலேயே ஒன்று வைத்திருக்கிறார். பின்டோர் கொக்கி இரண்டையும் அசைத்துப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். மேற்கே இருந்து காற்று ஆரம்பித்திருந்தது; தெருமுனை வேப்பமரம் கிழக்கே சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. வண்டி வாளையார் ரோட்டில் திரும்பும் வரை நின்று கேட்டேன். படுதா சத்தமே போடவில்லை.